கேன்காரர் எடுத்த ஆண்டு விழா

அன்னவாசலில் பாம்புக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள், இன்ஸ்பெக்டருக்குப் பயப்படாதவர்கள்கூட இருக்கிறார்கள். கேன்காரரின் செல்போனுக்குப் பயப்படாத ஆள் எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது.

வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குப் பள்ளி விழா என்றால், யாரும் கூப்பிடாமலே போய் வீடியோ எடுப்பார். நமக்குக் காட்டாமல் நேராக வெளிநாட்டுக்கே அனுப்பிவிடுவார். செல்போனோடு யாரும் முன்னால் வரக்கூடாது என்று பள்ளியில் கயிறு கட்டியிருப்பார்கள்தான். தோளில் தண்ணீர் கேனோடு வருகிற மனிதரை எந்த வாட்ச்மேன் தடுப்பான்?

உள்ளே போனதும் ஒரு காலி கேனைக் கவிழ்த்து, அதன்மேல் செல்போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார். அதுதான் அவருடைய ஸ்டாண்டு.

“கேன் ஒசரந்தான் சார் புள்ள ஒசரம். நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலைதான் தெரியும். மேடைய ஸ்கூல் போட்டோகிராபர் எடுத்துக்குவாரு. அதுல எல்லாப் புள்ளையும் கடுகு மாதிரி இருக்கும். நம்ம இங்கிட்டு எடுப்போம்.”

இந்த ‘இங்கிட்டு’தான் ஊரைக் கலக்கியது. எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்து வாயில் கவ்வி ஓடும் போட்டியில், கேனைத் தோளில் வைத்தபடி பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஓடிப் படம் எடுத்தார். முதலில் கோட்டைத் தொட்டதும் அவர்தான். ஆனால் ஓட்டத்துக்கு முன்னால், ஒரு பையனின் சித்தப்பா பழத்தைச் சூயிங்கம் வைத்து ஸ்பூனில் ஒட்டியதும் அந்த வீடியோவில் இருந்தது. துபாயிலிருந்து பையனின் அப்பா தம்பியை ஒரு வாரம் விடாமல் திட்டினார்.

மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக வந்த பையன் மேடையில் என்ன சொன்னான் என்று யாருக்கும் நினைவில்லை. உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு அவன் இட்லி தின்றதைக் கத்தாரில் இருக்கும் அவன் அப்பா அறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாராம்.

என் வீட்டு விஷயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. மனைவி மஸ்கட்டில் நர்ஸ். நானும் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பாப்பாவும் மட்டும் இங்கே. போன வருஷம் மேடையில் பேச ஏறிய பாப்பா மைக்கைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அதைக் கேட்டவுடன் மனைவி சொல்லிவிட்டாள்: “அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா வேலைய விட்டுட்டு வந்துருவேங்க.” ஆசைப்பட்டு வாங்கிய வேலை. அது என்னால் போகப்போகிறது என்ற பயத்தில் எனக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. ‘மரங்கள் நம் நண்பர்கள்’ என்ற எட்டு வரியைப் பாப்பாவோடு நானும் மனப்பாடம் செய்தேன்.

விழா அன்று பாப்பா மேடை ஏறினாள். “அனைவருக்கும் வணக்கம்” என்றாள். அவ்வளவுதான், வாய் கட்டிக்கொண்டது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீச்சர் அவளை மெல்ல இறக்கிக் கூட்டிப்போனார். ஓரத்தில் கேன்மேல் செல்போன் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இத மட்டும் அனுப்பாதீங்க. கால்ல விழுறேன்.”

“எடுத்தத எடுத்தபடிதான் சார் அனுப்புவேன். நாளைக்கு மத்தியானம் போயிரும்.”

மறுநாள் ஞாயிறு. மணி பன்னிரண்டிலிருந்து செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குப் போன் அடித்தது, மனைவிதான்.

“என்னங்க, வீடியோ வந்துச்சு. மூணு தடவ பாத்துட்டேன்.”

“பாப்பா இந்தத் தடவ அழல” என்று ஆரம்பித்தேன்.

“ஏங்க இம்புட்டு எளைச்சுப் போயிட்டீங்க?” என்றாள். “அவ மட்டுந்தான் பயப்படுறான்னு நெனச்சேன். ரெண்டு பேருமா பயந்துக்கிட்டு கெடக்கீங்களா? நான் ஒண்ணும் வேலைய விடல. இனிமே தெனமும் நானும் போன்ல சொல்லித் தாரேன்” என்றாள்.

அவள் அனுப்பிய பிறகுதான் நான் அந்த வீடியோவைப் பார்த்தேன். காலையில் பாப்பாவுக்கு நான் கோணலாகப் பின்னிய சடை இருந்தது. வரிசையில் நின்றபடி அவள் தோழியின் ரிப்பனைச் சரிசெய்தது இருந்தது. அப்புறம் பாப்பாவின் குரலில் “அனைவருக்கும் வணக்கம்.” மேடை எங்குமே இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய, எட்டு வரியையும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்த என் முகம்தான் கடைசி வரை.

தோளுக்குப் பின்னால் நின்று பாப்பாவும் பார்த்திருக்கிறாள்.

“அப்பா, நாலாவது வரிய விட்டுட்டீங்க.”

“இல்லையே பாப்பா.”

“விட்டுட்டீங்க. இப்படிச் சொல்லணும்” என்று நடுவீட்டில் நின்று ஆரம்பித்தாள். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது. மூச்சுவிடவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கேன்காரர் வாசலுக்கு வந்தார். செல்போன் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கேனை இறக்கினால் சத்தம் வரும் என்று, இருபது லிட்டரையும் தோளிலேயே வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, பாப்பா எட்டாவது வரியை முடித்து “நன்றி, வணக்கம்” சொல்லும்வரை அசையாமல் நின்றார்.