உலகக் கோப்பைக்குப் பந்தி விசாரித்தவர்

2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டை நடத்தியது யார் என்று கேட்டால், எங்கள் பெங்களூர் அல்சூர் 'பந்தி' அண்ணன் என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் எல்லாம் கூடமாட உதவியவர்கள்.

கல்யாணச் சமையல் குழுவில் பந்தி விசாரிப்பது அவர் தொழில். இலை இலையாகக் குனிந்து, "சாம்பார் வந்துச்சா? பாயசம்?" என்று கேட்பார். தன் பந்தியிலிருந்து ஒருத்தர்கூடப் பசியோடு எழுந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. போட்டி நம் நாட்டில் என்றதும் அவர் முடிவு செய்துவிட்டார்: நாம் பெண் வீடு, வருகிற அணிகள் சம்பந்திகள்.

"ஒன்பது சம்பந்தி, ஒரே மண்டபம். தாங்குமாப்பா?"

அட்டவணை தாமதம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் திட்டின. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அண்ணன் இணையத்தில் பதில் போட்டார்: "கல்யாணப் பத்திரிகை லேட்டா அடிச்சது எங்க தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க." அக்டோபர் ஐந்து, முதல் ஆட்டம். காலி இருக்கைகளைப் படம் எடுத்து உலகமே சிரித்தது. அதற்கும் அண்ணன் பதில்: "முதல் பந்தி அப்படித்தான் சார். எங்க ஜனம் ரெண்டாவதுக்குத்தான் வரும்."

நம்மவர்களோ, "பிடிக்கலைன்னா கிளம்புடா" என்று அந்த வெளிநாட்டுக்காரர்கள்மேல் பாய்ந்தார்கள். அண்ணன் பதறிப்போனார். "சம்பந்தியை யாராவது இப்படிப் பேசுவாங்களா?" ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் கன்னட வழக்கப்படி "ஊட்டா ஆய்தா?" என்று எழுதினார். சாப்பாடு ஆச்சா என்ற விசாரிப்பு. இரண்டு தரப்பும் சேர்ந்து அவரைத் திட்டியது.

அக்டோபர் இருபது, வெள்ளிக்கிழமை. ஆஸ்திரேலியா இங்கே ஆடிய நாள். அந்த நாட்டு ரசிகன் ஒருவன் காரிலிருந்து படம் போட்டான்: "எலெக்ட்ரானிக் சிட்டியில் கிளம்பியவன் இன்னும் ரோட்டில். டாஸும் போச்சு, சாப்பாடும் போச்சு. பெங்களூர் என்னைப் பட்டினி போடுகிறது."

பட்டினி! அண்ணன் முகம் செத்துப்போயிற்று. படத்தில் கார் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடைப் பலகையில் 'அடுகோடி' என்று இருந்தது. கேரியரை நிரப்பினார், வாழை இலையைச் சுருட்டினார். "வண்டிய எடுப்பா."

"அவன் எப்பவோ போயிருப்பான்ணா."

"ஓசூர் ரோட்ல இந்நேரத்துல யாருப்பா போயிருக்கான்?"

போனோம். அதே கார், அதே பலகைக்கு எதிரே! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டிரைவர் கண்ணாடியை இறக்கினார். "என்ன குரு, பார்சலா?"

"பார்சல் இல்லப்பா. பந்தி."

விருந்தாளியின் மடியில் இலை விரிந்தது. அண்ணன் நடுரோட்டில் நின்று, ஜன்னலில் குனிந்து, ரசம் ஊற்றினார். பின்னால் ஹாரன்.

"யோவ், ரோட்ல என்னய்யா கல்யாணமா?"

"ஆமா சார். நீங்களும் வாங்க, பாயசம் இருக்கு."

விருந்தாளி பழைய பதிவை நீக்கிவிட்டு அண்ணனையும் இலையையும் படம் போட்டான். "காசு வாங்கிட்டான்" என்று இணையம் தீர்ப்புச் சொன்னது. அண்ணன் இலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். "பாருப்பா, கறிவேப்பிலைதான் மிச்சம்."

நவம்பர் பத்தொன்பது, இறுதி ஆட்டம். அதே ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். பழைய படத்தைத் தோண்டியெடுத்து, "எதிரிக்குச் சோறு போட்டவன் இவன்தான்" என்று ஊரே அண்ணனைக் கிழித்தது.

மறுநாள் காலை போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"திட்டினவங்களுக்குப் பதில் போடலையாண்ணா?"

"ஒருத்தனுக்குத்தான் போட்டேன்." போனை நீட்டினார். அந்த ரசிகனுக்கு அவர் எழுதியிருந்தார்: "ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள். ஊட்டா ஆய்தா?"

கீழே அவன் பதில்: "ஆயிற்று. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"இத்தனை கல்யாணத்துல என்னை யாரும் இதைக் கேட்டதில்லப்பா" என்றார். நேற்று மத்தியானத்திலிருந்து அவர் சாப்பிடவில்லை.

கீழே ஓடிப்போய் இட்லி வாங்கிவந்து இலையில் வைத்தேன். உட்காரவில்லை. அவர் கை கழுவும்வரை பக்கத்திலேயே குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்:

"சட்னி வந்துச்சாண்ணா?"