நண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தது

"ஒன்பதாம் பக்கத்தில ஒரு பிழை கிடக்கு," என்றாள் தங்கரத்தினம்.

யோகலிங்கம் பறிக்காத குறையாகப் புத்தகத்தை வாங்கினார். கொழும்பு அச்சகத்திலிருந்து அன்று காலைத் தபாலில் வந்த மாதிரிப் பிரதி அது. மத்தியானத்துக்குள் பதினொரு தடவை வாசித்துவிட்டார். பன்னிரண்டாம் தடவைக்கு முன் கை கழுவப் போன இடைவெளியில்தான் மனைவிக்கு வாய்ப்புக் கிடைத்தது.

"எங்க? ஒற்றெழுத்து விட்டுப்போச்சோ?"

"எழுத்தில்ல. படம். இது எங்கட கோட்டையெல்லோ?"

"ஓம். நண்டுப்பிள்ளை அதுக்குக் கீழால சுரங்கம் வெட்டுது."

"கோட்டைக்குள்ள இப்ப ஆர் இருக்கினம்?"

கோட்டைக்குள் ஆமி முகாம் இருந்தது. பல வருடங்களாக இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டில் திருகோணமலையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. கதை எழுதுகிற உற்சாகத்தில் யோகலிங்கத்துக்கு மட்டும் மறந்துவிட்டது.

மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சுப் படகுக்கு டிக்கட் கொடுக்கிற கூண்டுக்குள் இருந்தபடிதான் அவர் 'நண்டுப்பிள்ளையின் பயணம்' என்ற அந்தப் பதினாறு பக்கச் சிறுவர் கதையை எழுதினார். நாற்பத்துநாலு வயதில் முதல் புத்தகம். கோட்டைக்குத் தெற்கே ஒரு கடற்கரை, வடக்கே ஒரு கடற்கரை. நண்டுப்பிள்ளை தெற்கே இருக்கிறது, அதன் மாமி வடக்கே இருக்கிறாள். மேலே தெரு முழுவதும் சப்பாத்துக் கால்கள். ஆகவே நண்டு நிலத்துக்குக் கீழால் போகிறது. அவ்வளவுதான் கதை.

வடக்கே இறக்கக்கண்டியில் யோகலிங்கத்துக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளைப் பார்த்து இரண்டு வருடம். பாதை திறந்த நாளில் பஸ் இல்லை, பஸ் ஓடிய நாளில் பாதை இல்லை. தன்னால் ஏலாததை நண்டாவது செய்யட்டும் என்றுதான் எழுதத் தொடங்கினார். ஒன்பதாம் பக்கத்தை எழுதிய அன்று கூண்டுக்குள் இருந்து அழுதார். லோஞ்சுக்கு வந்தவர்கள் டிக்கட் முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

"படத்தில அளவு வேற போட்டிருக்கிறீங்க," என்றாள் தங்கரத்தினம். "வாசலில இருந்து ஆலமரம் எண்பத்துநாலு அடி."

"நண்டடி! வடிவாப் பார். நண்டு வைக்கிற அடி."

"சென்றியில காவல் நிக்கிற ஆமிப் பொடியனுக்கு நண்டின்ர அடியையும் மனிசன்ர அடியையும் ஆர் விளங்கப்படுத்துறது?"

அன்று திங்கட்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா. மிச்சம் முந்நூறு புத்தகமும் கொழும்பில். ஒரு சோதனைச்சாவடியில் யாராவது ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தால் புத்தகமும் போகும், புத்தகத்தை எழுதினவரும் போவார். அச்சகத்தில் தொலைபேசி இல்லை. யோகலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் பறந்தார்.

தந்தி என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும். எழுத்தாளருக்குச் சுருக்கம் கைவந்த கலை. அச்சக விலாசத்துக்குக் கீழே எழுதினார்:

'சுரங்கத்தை உடனே நீக்கவும். கோட்டை வேண்டாம். வெள்ளிக்கு முன் முடிக்கவும்.'

யன்னலுக்கு அப்பால் இருந்த இளம் உத்தியோகத்தர் ஊருக்குப் புதியவர். தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"அனுப்புறவர் பேர் போடேல்ல."

அந்தக் கணத்தில் யோகலிங்கத்துக்குப் பயத்தையும் மீறிக்கொண்டு ஒரு பெருமை வந்தது. அவருக்கு ஒரு புனைபெயர் இருந்தது. அட்டையிலும் பெரிதாக அடித்திருந்தது. ஆனால் இதுவரை யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. "இயக்கத்தில சேர்ந்த போராளி மாதிரிக் கிடக்கு," என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். அழைப்பிதழ் அடித்த விழாத் தலைவர் பாக்கியரத்தினம் மாஸ்டரோ, "தெரியாத பேரைப் போட்டா ஆர் வருவினம்?" என்று அதை வெட்டிவிட்டு யோகலிங்கம் என்றே போட்டுவிட்டார்.

இப்போது அரசாங்கத் தாள் ஒன்று அந்தப் பெயரைக் கேட்டு நின்றது. கொஞ்சம் சாய்த்து, அழகாக எழுதினார்: 'அலைக்கோமான், திருகோணமலை.'

உத்தியோகத்தர் அதையும் இரண்டு தரம் வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. புதன்கிழமை காலை பதிலுக்குப் பதிலாக ஸெய்னுதீன் நானாவின் லொறி வாசலில் வந்து நின்றது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நாலு பிஸ்கட் பெட்டி நிறையப் புத்தகங்கள்.

"தம்பி, உங்கட கிதாபு வந்திட்டு," என்றார் கிண்ணியா வியாபாரியான ஸெய்னுதீன். "சனிக்கிழமையே கொழும்பில ஏத்தினது, லொறி பழுதாகி வழியில மூணு நாள் நிண்டுட்டம்."

"சோதிக்கேல்லையோ நானா?"

"சோதிச்சாங்க. பெட்டியைத் திறந்தாங்க. அட்டையில நண்டைக் கண்டு ஒருத்தன் சிரிச்சான். மத்தவன் நண்டுக்கறி எண்டு ஏதோ சொன்னான். போ எண்டு விட்டாங்க."

அப்படியென்றால் ஆபத்து முடிந்தது என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். யோகலிங்கம் எழுத்தாளர். விழாவில் முந்நூறு பேர் வாங்கி, முந்நூறு வீட்டில் சுற்றிவளைப்பு நடந்து, முந்நூறு தலையணைக்குக் கீழிருந்தும் கோட்டையின் படம் வெளியே வருவதை அவர் கண்ணால் கண்டார்.

"ஒன்பதைக் கிழிப்பம்," என்றார்.

அன்று பின்னேரம் லோஞ் வேலை முடிந்து வந்து கிழிக்கத் தொடங்கினார். ஒன்பதைப் பிடித்து இழுத்தால் பத்தும் வந்தது. அது அவர் எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் கம்பி அடித்த புத்தகம் என்பதால் மறுபக்கம் ஏழும் எட்டும் கழன்று மடியில் விழுந்தன. ஏழாம் பக்கம் இல்லாவிட்டால் நண்டுக்கு மாமி இருக்கிற விஷயமே வாசிக்கிறவருக்குத் தெரியாது.

தங்கரத்தினம் கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். வியாழக்கிழமை முழுவதும் ஏழாம் பக்கத்தை ஒட்டினார்கள். பசை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. சில புத்தகங்களில் ஏழாம் பக்கத்தோடு ஆறும் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் முற்றத்தில் காயவைத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது.

"அச்சகக்காரன் ஒண்டைக் குறைச்சுப்போட்டான்," என்று யோகலிங்கம் பல்லைக் கடித்தார்.

தங்கரத்தினம் எறும்பு விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழவில்லை.

இப்போது புதிய வில்லங்கம். எட்டாம் பக்கத்தில் நண்டு தெற்குக் கடற்கரையில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் வடக்கே மாமி அதற்குப் பிட்டு ஊட்டுகிறாள். இடையில் என்ன நடந்தது?

"ஒரு துண்டு அடிச்சு ஒட்டுவம்," என்றார் யோகலிங்கம். "நண்டு பஸ்ஸில போனது எண்டு."

"பஸ்ஸில போனா சென்றியில இறக்கி நடக்க விடுவாங்கள். ஐடென்டிட்டி காட் குடுத்தீங்களோ நண்டுக்கு?"

"சரி, தோணியில போகுது."

"பாஸ் வேணும். அதோட அந்தப் பக்கம் தோணி விட ஏலாது."

"நீந்திப் போகட்டும்!"

"நேவி சுடும்."

யோகலிங்கம் தலையைப் பிடித்தார். "ஒரு கொக்கு தூக்கிக்கொண்டு பறக்குது. அதுக்கு ஆரிட்டயும் பாஸ் தேவையில்ல."

"கொக்குத் தூக்கினா மாமிக்கு நண்டு போய்ச் சேராது. கொக்கின்ர வயித்துக்குத்தான் போகும்."

சின்னப்பிள்ளைகள் வாசிக்கிற கதையில் ஒரு நண்டு அரை மைல் தூரம் போவதற்கு இந்த ஊரில் ஒரு வழி இல்லை. வெள்ளிக்கிழமை யோகலிங்கம் தட்டச்சு இயந்திரத்துக்கு முன் இருந்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது துண்டு அடித்தார். ஒவ்வொன்றிலும் ஒரே வசனம்: 'நண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தது.'

தங்கரத்தினம் ஒரு துண்டை எடுத்து வாசித்தாள். "இதுதான் நல்லாக் கிடக்கு," என்றாள்.

இதற்கிடையில் கதிரைப் பிரச்சினை. வருகிறவர்கள் உட்கார ஐம்பது கதிரை சுமந்து வந்து மண்டபத்தில் அடுக்குவதாகச் சொன்ன கூலியாள் தம்பிராசாவைச் செவ்வாய்க்கிழமை தொட்டுக் காணவில்லை. சனிக்கிழமை யோகலிங்கம் அவனுடைய வீட்டுக்குப் போனார்.

"அவரை விடிய ஆமிக்காரர் வந்து வேலைக்குக் கூட்டிக்கொண்டு போறாங்கள் ஐயா," என்றாள் தம்பிராசாவின் மனைவி. "மண்வெட்டியும் கொண்டு வரச் சொன்னவங்கள். இருட்டினாப் பிறகுதான் விடுறாங்கள். கோட்டையில தண்ணிப் பைப் உடைஞ்சதாம்."

அதுதான் கோட்டை வீதி செவ்வாய்க்கிழமையிலிருந்து மூடியிருக்கிறது என்று யோகலிங்கத்துக்கு விளங்கியது. ஊர் முழுக்க அதைப் பற்றி முணுமுணுத்தது. பஸ் சுற்றிப் போனது, மீன் பிந்தி வந்தது. யோகலிங்கத்துக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி. பைப் உடைந்த வேலையில் இருக்கிறவர்களுக்குச் சிறுவர் இலக்கியம் வாசிக்க நேரம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஆறு மணிக்கு ஊரடங்கு. மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், கதிரை பத்து. மிச்சப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நிற்கிறவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள் என்ற கவலையில், கதிரை வருகிறதா என்று யோகலிங்கம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியரத்தினம் மாஸ்டர் தலைமையுரை ஆற்றினார். "லோஞ்சில எங்களுக்கெல்லாம் டிக்கட் தாற யோகலிங்கம் இண்டைக்கு ஒரு புத்தகமும் தந்திருக்கிறார்," என்றார். அலைக்கோமான் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. யோகலிங்கம் அட்டையைத் தலைவரின் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். தலைவர் அதன்மேல் தண்ணீர்க் கிளாசை வைத்தார்.

அடுத்தது முதற்பிரதி. ஊரில் ஒரு பெரிய வர்த்தகர் மேடைக்கு வந்து, மினுங்கல் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய முதற்பிரதியை வாங்கி, படம் எடுத்து, அதை அப்படியே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைக்க வேண்டும். அதுதான் முறை. பிரித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. ஸெய்னுதீன் நானாதான் வாங்குவதாக இருந்தது. கிண்ணியாத் துறையில் சோதனை, படகு விடவில்லை என்று ஒருவர் வந்து சொன்னார்.

"முதற்பிரதி வாங்காம புத்தகம் வெளியிட ஏலாது," என்றார் பாக்கியரத்தினம் மாஸ்டர். "ஆரையாவது கூப்பிடுங்கோ. நேரம் போகுது."

ஆனால் யாரும் முன்வரவில்லை. முதற்பிரதி வாங்குகிறவர் கூடுதலாக ஏதும் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வாசலில், தலையில் ஆறு கதிரைகளோடு, முழங்கால்வரை சேற்றோடு தம்பிராசா வந்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இண்டைக்குத்தான் நேரத்தோட விட்டவங்கள்."

"கதிரையை இறக்கு. மேல வா," என்றார் தலைவர்.

"நானோ?"

"உழைப்பாளி ஒருத்தர் முதற்பிரதி வாங்குறார்!" என்று தலைவர் ஒலிவாங்கியில் முழங்கினார். கை தட்டினார்கள். தங்களைக் கூப்பிடவில்லை என்ற நிம்மதியில் பலமாகவே தட்டினார்கள்.

தங்கரத்தினம் தட்டத்தில் முதற்பிரதியைக் கொண்டுவந்தாள். அழகாகச் சுற்றியிருந்தாள்.

"எப்ப சுத்தினனீ?" என்று யோகலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"புதன்கிழமை. நீங்க லோஞ்சால வர முதலே."

முந்நூறாவது புத்தகம். கிழிக்காதது. ஒன்பதாம் பக்கம் உள்ளது. யோகலிங்கம் தட்டத்தைக் கையில் வாங்கினார். பரவாயில்லை, யாரும் பிரிப்பதில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டே தட்டத்தை நீட்டினார்.

தம்பிராசாவுக்கு முறை தெரியாது. ஒருவர் ஒரு பொருளைச் சுற்றித் தந்தால் அவர் முன்னாலேயே பிரித்துச் சந்தோஷப்பட வேண்டும் என்பதுதான் அவன் பழகிய மரியாதை. ரிப்பனை இழுத்தான். மினுங்கல் தாள் கீழே விழுந்தது. அட்டையை எழுத்துக் கூட்டி, பெயரையும் விடாமல் வாசித்தான். நடுவில் திறந்தான்.

"வாசிச்சது காணும், மூடு தம்பிராசா," என்று யோகலிங்கம் புத்தகத்தைப் பிடித்தார். தம்பிராசா விடவில்லை. படத்தில் வாசல் மேல் விரலை வைத்தான். மதில் வழியாக விரலை நகர்த்தினான். ஆலமரத்தில் நிறுத்தினான். மறுபடியும் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

பிறகு, தலைவர் இன்னும் நிறுத்தாத ஒலிவாங்கிக்கு முன்னால், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான்:

"வெள்ளிக்கு முதல் சுரங்கத்தை நீக்கச் சொல்லி ஆரோ தந்தி அடிச்சதெண்டு செவ்வாய்க்கிழமை தொடக்கம் எங்களைக் கோட்டைக்குள்ள கிண்ட வைச்சிருக்கிறாங்கள், நீங்கள் இஞ்ச அளவோட கீறி வைச்சிருக்கிறீங்கள், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ, அலைக்கோமான் ஐயா!"