கட்டச் சால்வையும் கோட்டுச் சால்வையும்

வெயிலுக்குக் குறைவே இல்லாத வெட்டவெளி நாட்டில் ஒரு சட்டசபைத் தேர்தல் வந்தது. களத்தில் இரண்டு கட்சிகள். ஆளும் கட்சிக்காரர்கள் கட்டம் போட்ட சால்வை அணிந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கோடு போட்ட சால்வை அணிந்தார்கள். இந்த வேறுபாட்டுக்காக அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்கள்.

ஆளும் கட்சி தன் தலைவருக்கு மைதானத்தில் கிழக்கே பார்த்து ஒரு கட்அவுட் நிறுத்தியது. அதன் தோளிலிருந்து விரிந்த சால்வை கிழக்குத் தெருக்கள் அத்தனையையும் மூடியது. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? அதே இடத்தில், முதுகோடு முதுகாக, மேற்கே பார்த்துத் தன் தலைவரை நிறுத்தி மேற்குத் தெருக்களை மூடியது.

மேற்குத் தெருப் பவளாயி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து பார்த்தாள். அடேயப்பா! தலைவரின் மீசையில் ஒவ்வொரு மயிரும் அவள் வீட்டு உத்தரத்தின் கனம். காது மடலில் புறாக்கள் குடியிருந்தன. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த நிழலில்தான் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே பவளாயி," என்றாள் மருத்துவச்சி. "காலை வெயில்ல புள்ளையக் காட்டு. காட்டாம விட்டா அப்புறம் என்னைக் கேக்காத."

காலை வெயிலுக்கு எங்கே போவது? பவளாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிழல்துறை அமைச்சரிடம் ஓடினாள்.

"அம்மையே, வெயில் என்பது கடந்த ஆட்சியின் அவலம்," என்றார் அமைச்சர். "அதை நாம் அடியோடு ஒழித்துவிட்டோம்."

"புள்ள மஞ்சளாப் போச்சுங்க ஐயா."

அமைச்சர் கண்ணை மூடிச் சிந்தித்தார். மறுநாள் அரசாணை வந்தது: மஞ்சள் மங்கல நிறம், இந்த நல்லாட்சியில் பிறக்கும் குழந்தைகள் மஞ்சளாகவே பிறப்பார்கள், அதை நோய் என்பவர் தண்டிக்கப்படுவர். எதிர்க்கட்சி கொதித்தெழுந்தது. தாங்கள் வென்றால் எல்லாக் குழந்தைகளுக்கும் மஞ்சள் சட்டை இலவசம், அப்போது நிறமே தெரியாது என்று வாக்குறுதி தந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பவளாயியும் கை தட்டினாள், பாவம். அதற்குப் பிறகு நிழலைத் தாண்டி ஊருக்கு வெளியே போவது ராஜத்துரோகம் என்று இன்னோர் ஆணை வந்தது. குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது.

வாக்குப்பதிவு நாளில் கட்அவுட்டுகளின் காலடியில் இரண்டு வரிசைகள் நின்றன. துவண்ட குழந்தையோடு பவளாயியும் நின்றாள். அப்போதுதான் இரண்டு முதுகுகளுக்கும் நடுவிலிருந்து தரையில் விழுந்த ஒரு வெளிச்சக் கோடு அவள் கண்ணில் பட்டது. யோசிக்கவில்லை, சந்துக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே வெயில்! எத்தனையோ நாளாகப் பார்க்காத முழு வெயில். கண் கூசி, நீர் வழிய நின்றாள். அவள் சிலிர்த்துக் கும்பிட்ட தலைவரும் கிழக்கே பார்த்து நின்ற தலைவரும் அங்கே ஒரே கயிற்றுக் கட்டிலில் துண்டோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கீழ தேய்ங்கண்ணே," என்றார் கோட்டுச் சால்வை.

"இருங்க தம்பி, நழுவுது," என்ற கட்டச் சால்வை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா நீ? போய் வரிசையில நில்லு."

"எந்த வரிசையானாலும் பரவால்ல," என்றார் மற்றவர் பெருந்தன்மையாக.

பவளாயி கட்டிலின் ஓரத்தில் குழந்தையை வெயிலில் கிடத்தினாள். அது முகம் சுளித்துத் தும்மியது. பிறகு வீறிட்டு அழுதது. எத்தனை நாளைக்குப் பிறகு கேட்கும் அழுகை!

அண்ணாந்து பார்த்தாள். இப்போது வந்த ஆச்சரியம் முன்பு வந்ததைவிடப் பெரிது. அந்த இரண்டு பிரம்மாண்டங்களுக்கும் சொந்தமாக ஒரு முட்டுக்கம்பு கூட இல்லை. ஒன்றின் முதுகை மற்றொன்றின் முதுகோடு இழுத்துக் கட்டிய ஒரே ஒரு கயிறுதான் இரண்டையும் நிறுத்தியிருந்தது. முடிச்சு அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

"காவலா!" என்று தலைவர்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

பவளாயி சந்து வழியாக வெளியே வரிசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமிகளா!"

பிறகு முடிச்சில் கை வைத்தாள்.