சம்பந்தி விட்டுப்போன சீமை எலி

உ

உத்திரமேரூர்,
காளயுக்தி வருஷம், ஆடி மாதம் 24ந் தேதி
(9-8-1978)

பழையசீவரம் சம்பந்தி சின்னராசு அவர்கள் சமூகத்துக்கு, உத்திரமேரூர் வீராசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் சம்சாரம் தாயாரம்மாளும், தங்கள் மாப்பிள்ளை முத்துவேலும், உழவு மாடு நான்கும், தாங்கள் விட்டுவிட்டுப் போன ஜந்து ஒன்றும் பெருமாள் புண்ணியத்தில் சுகம். அதுபோல் அங்கு தாங்களும், தங்கள் சம்சாரமும், எங்கள் மருமகள் பவளமும் சுகமாயிருக்க வேண்டியது.

நிற்க. தாங்கள் போட்ட கார்டு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. "குழந்தை பயந்த சுபாவம், மாமனார் குரலை நினைத்தாலே கை கால் உதறுகிறது என்கிறாள், ஆகையால் ஆடி முடிந்தாலும் ஐப்பசி வரை இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கார்டில் எழுதியிருக்கிறீர்கள்! ஒரு கவர் வாங்கக் கூடாதா சம்பந்தி? தபால்காரர் படித்து, தெருவில் நாலு பேர் படித்து, கடைசியில்தான் நான் படித்தேன். ஆடிக்கு அழைத்துப்போன புதுப்பெண்ணை ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவது நம்ம பக்கத்து வழக்கம். ஐப்பசி வரைக்கும் வரவில்லை என்றால் ஊரில் சும்மா இருப்பார்களா? முத்துவேல் அந்தக் கார்டைப் படித்ததிலிருந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் என்ன பண்ணினேன் என்று கேட்கிறேன். என் குரல் பிறந்த குரல். ஏரிக்கரைமேல் நின்று கூப்பிட்டால் கடைசி மதகில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும், அதற்கு ஏற்ற குரல். பவளம் இங்கே நாற்பது நாள் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசினதா? காபி டம்ளரைத் தரையில் வைக்கும், ஓடிவிடும். ஒரு நாள் சாப்பிடும்போது "இந்தக் கொழம்பு யார் வெச்சது?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். சமையல்கட்டில் கரண்டி விழுந்தது, கிண்ணம் விழுந்தது, அப்புறம் அழுகைச் சத்தம். கொழம்பு நல்லா கீதுன்னு சொல்லத்தான்யா கூப்பிட்டேன்!

இப்போ அந்த ஜந்து விஷயத்துக்கு வரேன். கட்டில், பீரோ, பித்தளை அண்டான்னு நீங்க எழுதிக் குடுத்த சீர் லிஸ்டுல சீமை எலின்னு ஒரு வரி கீதா, எடுத்துப் பாருங்க. உங்க பெரிய பையன் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல வாங்கி, தங்கச்சிக்கு ஆசையா குடுத்தானாம், அதுவும் பொண்ணோட சேர்ந்து வந்து எறங்கிடுச்சு. முயலுன்னு சொல்ல காது இல்ல, எலின்னு சொல்ல வாலு இல்ல, கழுத்துன்னு ஒண்ணு ஆண்டவன் வைக்கவே இல்ல. ஆடி ஒண்ணாந்தேதி நீங்க வாசல்ல வந்து நின்னீங்க, நான் "வாங்க சம்பந்தி!"ன்னு வாயார கூப்பிட்டேன். அது ஒரு குத்தமா? இது பவளத்து கையிலேர்ந்து துள்ளி நெல்லுக் குதிருக்கு அடியில பூந்துடுச்சு. நீங்களும் பொண்ணும் மாப்பிள்ளையும் குனிஞ்சு குனிஞ்சு கூப்பிட்டீங்க, வரல. பஸ் வந்துடுச்சுன்னு பொண்ண இட்டுக்கினு போயிட்டீங்க. பொண்ணு திரும்பித் திரும்பி குதிரப் பாத்துக்கினே போச்சு. நான் இன்னா கல்லா? "கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்!"னு தைரியம் சொன்னேன். அதுக்கும் அது திடுக்குனு தூக்கிப்போட்டுக்கினு ஓடி பஸ்ஸுல ஏறிடுச்சு.

அன்னியிலேர்ந்து இந்த பேஜார் என் தலைல. ரெண்டு நாளு குதிருக்கு அடியிலயே கிடந்துது. மூணாம் நாளு நான் படுத்துக்கினு கைய வுட்டு, முதுகப் பிடிச்சு வெளிய இழுத்தேன். அது வீல்னு போட்ட சத்தத்துக்கு கோழியெல்லாம் கூரை மேல ஏறிடுச்சு, பக்கத்து வூட்டு சிட்டம்மாள் கொழந்தைய யாரோ அடிக்கிறாங்கன்னு ஓடி வந்துட்டா. தாயாரம்மாள் வந்து பாத்துட்டு, "கொழந்தைக்கு பயந்த கோளாறு பிடிச்சா இன்னா பண்றோம்? சொக்கம்மாளக் கூப்பிடு"ன்னா. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுது. சொக்கம்மாள் எங்க தெருவுல எத்தினி கொழந்தைங்களுக்கு மந்திரிச்சு வுட்ட கை! அவளும் வந்தா, சொம்புத் தண்ணிய மந்திரிச்சா, வாய் நெறைய மொண்டு அது மூஞ்சில பூன்னு ஊதுனா. வேப்பிலையால மூணு தபா அடிச்சா. கழுத்துல கறுப்புக் கயிறு கட்டணும்னா, கழுத்து எங்க கீதுன்னு தேடி கால்மணி நேரம். கடைசில இடுப்புல கட்டிட்டுப் போனா. இது சொட்ட சொட்ட நனைஞ்சு, நடுங்கிக்கினே குதிருக்கு அடியில ஓடி, ராத்திரிக்குள்ள அந்தக் கயித்த துன்னுடுச்சு. மறுநாளு பூரா வேற எதையும் துன்னல.

சம்பந்தி, நான் பாத்துக்கறேன்னு பொண்ணுகிட்ட வாக்கு குடுத்துட்டேன். இது செத்துகித்து வெச்சா பவளம் இன்னா நெனைக்கும்? கத்தியே கொன்னுட்டான் கெழவன்னுதான நெனைக்கும்? அப்புறம் ஐப்பசி இன்னா, எந்த மாசத்துலயும் அது இந்த வாசப்படி மிதிக்காது. உடனே அத்த ஒரு கூடையில போட்டு சைக்கிள்ல கட்டிக்கினு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அங்க ஏசுதாஸுன்னு ஒரு கம்பவுண்டர் கீறாரு, நல்ல மனுஷன். பாத்துட்டு சிரிச்சாரு. "இது சின்னக் குட்டி, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, பயம்தான். மேலேர்ந்து கை வந்தா பருந்து தூக்க வருதுன்னு நெனைக்கும். தொரத்தாதீங்க. ஒளியறதுக்கு ஒரு பொட்டி வைங்க. தெனம் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல தரைல குந்துங்க. உள்ளங்கையில அருகம்புல்ல வெச்சுக்கினு வேற பக்கம் பாருங்க. பேசலாம், கத்தக் கூடாது"ன்னாரு. "நான் எங்கய்யா கத்தறேன்?"னு கேட்டேன். ஆஸ்பத்திரி மரத்தடில கட்டியிருந்த எரும மாடு ஒண்ணு கயித்த அறுத்துக்கினு ரோட்டுல ஓடிடுச்சு. ஏசுதாஸ் அந்த ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு.

அன்னியிலேர்ந்து நான் நாஷ்டா துன்ன கையோட கூடத்துல தரைல குந்தறேன். அம்பத்தெட்டு வயசுல, முட்டி வலியோட, அருகம்புல்ல ஏந்திக்கினு, செவுத்தப் பாத்துக்கினு! ஊருக்கே உத்தரவு போட்ட வாயி சம்பந்தி இது. இப்போ எங்கூட்டுல நானே திருட்டுப்பய மாதிரி பேசிக்கினு கீறேன். எங்க நெலத்துல தண்ணி பாய்ச்சற இருசப்பன் வந்து நின்னான். "மோட்டார நிறுத்திடுப்பா"ன்னு மெதுவா சொன்னேன். அவன் ஆடிப்போயிட்டான். மத்தியானமே சுக்கும் பனங்கல்கண்டும் எடுத்துக்கினு வந்து, "ஒண்ணும் ஆகாது பெரியவரே, மெட்ராஸுல பெரிய டாக்டருங்க கீறாங்க"ன்னு கண்ணு கலங்கினான். சாயந்திரத்துக்குள்ள எனக்குத் தொண்டையில கட்டின்னு ஊரு பூரா பேச்சு. மூணு பேரு ஆரஞ்சுப் பழத்தோட வந்து பாத்துட்டுப் போனாங்க. அதுல ஒருத்தரு பழைய பாகத் தகராறயே வுட்டுக்குடுத்துட்டாரு, அது வேற கதை.

எங்கூட்டுக்காரி கதவோரமா நின்னு பாத்துக்கினே இருந்தா. "வா கண்ணு, துன்னு கண்ணு"ன்னு நான் சொல்றது கேட்டுட்டு, "இன்னாயா, முப்பத்திரண்டு வருஷத்துல என்னாண்ட ஒரு நாளு இப்படிப் பேசினியா நீ?"ன்னு கேட்டா. பதில் சொல்ல வாயத் தொறந்தேன். எலி தூங்குது கம்முனு இருன்னுட்டுப் போயிட்டா. இந்த மரியாதைதான் எனக்கு இப்போ இந்த வூட்டுல.

ஆடி பதினாறாந்தேதி பொட்டிலேர்ந்து மூக்கு வெளிய வந்துது. அப்புறம் மீசை. அப்புறம் ஒரு அடி. என் வெரலு நுனிய மோந்து பாத்துச்சு, ஒரு புல்ல இழுத்துச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. "தாயாரு! வந்துடுச்சுடி!"ன்னு கூவிட்டேன். போச்சு. அஞ்சு நாளு அது பொட்டிய வுட்டு அசையல. தாயாரம்மாள் அஞ்சு நாளு என்னத் திட்டினா, அதுவும் மெதுவாத் திட்டினா, அது இன்னும் நல்லா உறைக்குது. மறுபடி மொதல்லேர்ந்து குந்தினேன். நேத்திக்குத்தான் கையிலேர்ந்து புல்லு துன்னுச்சு. நான் கொஞ்சம் அசைஞ்சா ஓடிடுது. இதுக்குமேல என்னால முடியாது.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, இந்த ஜந்துவைப் பொட்டியோடு எடுத்துக்கொண்டு போக வேண்டியது. பெண் ஐப்பசிக்கு வந்தாலும் சரி, தைக்கு வந்தாலும் சரி, அது உங்கள் இஷ்டம். பயப்படுகிற பிள்ளையை வற்புறுத்திக் கூப்பிட நான் ஆளில்லை. என் வீட்டில் நான் என் குரலில் பேசிக்கொண்டு நிம்மதியாக இருப்பேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். பவளத்துக்கு எங்கள் ஆசீர்வாதம். பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வீராசாமி

பின்குறிப்பு: கவர்ல ஸ்டாம்பு ஒட்டிக்கினு இருந்தேன். சம்மணம் போட்டு குந்தியிருந்தேன், மடில எழுதற அட்டை. சத்தம் போடாம வந்து, முட்டிமேல கால் வெச்சு ஏறி, அட்டைய தள்ளிட்டு மடில படுத்துக்கிச்சு. ஒரு கைய நெஞ்சுக்கு அடியிலயும் ஒரு கைய பின்னாடி காலுக்கு அடியிலயும் குடுத்துத் தூக்கணும்னு ஏசுதாஸ் சொன்ன மாதிரியே தூக்கினேன், வீல்னு கத்தல, குர்ருனு ஒரு சத்தம் போடுது. வேட்டிய நனைச்சுடுச்சு, பரவாயில்ல. ஒரு மணி நேரமா எழுந்திருக்க முடியல, முட்டி மரத்துப்போச்சு, அதான் இந்தக் கோணல் எழுத்து. மேலே எழுதினத அடிக்கறதுக்கு கை எட்டல, நீங்களே அடிச்சுக்குங்க. எலிய எடுக்க வராதீங்க, குடுக்க மாட்டேன். இதுக்கு பவளம் இன்னா பேரு வெச்சிருக்குன்னு மட்டும் கேட்டு எழுதுங்க, இருபத்துநாலு நாளா பேரு தெரியாம கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டுக்கினு கீறேன்.

அப்புறம் சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ண எலின்னு நான் சொல்லல. இதுக்கு இருபத்துநாலு நாளு ஆச்சு. அதுக்கு ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். காபிய வெச்சுட்டு ஓடட்டும், நான் செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருப்பேன், கூப்பிட மாட்டேன். ஆனா அங்க உக்காந்து பயப்படறத ஆவணி ஒண்ணாந்தேதிலேர்ந்து இங்க வந்து பயப்படச் சொல்லுங்க. அன்னிக்கு வெச்ச கொழம்பு நல்லா இருந்துச்சு. அதையும் அதுகிட்ட சொல்லிடுங்க. மெதுவா சொல்லுங்க.