எண்பதுக்கு மேல் ஏத்தாதீங்க

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். உங்கள் அத்தையும் சௌக்கியமாகத்தான் இருப்பாள். ஒன்பது நாளாக என்னோடு பேசாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கு நீங்களும் என் மகளும் சுகம்தானே? போனில் பேசினால் மரியாதை தவறிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

விஷயம், நீங்கள் வாங்கித் தந்த பேட்டரி ஸ்கூட்டர். அத்தைக்கு முழங்கால் வலி, வாரம் மூன்று நாள் வைத்தியரிடம் போகவேண்டும், பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போங்கள் என்று ஆசையாகத் தந்தீர்கள். கூடவே விதிகளும் தந்தீர்கள். ஒன்றையும் நான் மீறவில்லை. ஓட்டி வந்ததும் சூடு ஆறக் காத்திருந்து, பேட்டரியைக் கழற்றி, மெத்தை துணி எதுவும் கிட்டே வராமல், வாசலை மறிக்காமல், வெறுந்தரையில் வைத்து, அதோடு வந்த சார்ஜரையே மாட்டி, முடியும்வரை காவல் இருக்கிறேன். "நான் பிள்ளை பெத்தப்பக்கூட இந்த மனுஷன் இப்படிப் பக்கத்துல உட்காரலை"ன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்றா.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா, "எண்பதுக்கு மேல ஏத்தாதீங்க மாமா, இருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க, அப்பதான் ரொம்ப நாள் உழைக்கும்"னீங்களே, அதுதான் என் குடியைக் கெடுத்துது. நான் அறுபத்துமூணு கிலோ. பாக்கி பதினேழு. உங்க அத்தை பதினேழு கிலோவா? எதுக்கும் பார்த்துடலாம்னு மருந்துக்கடை வாசல் எடை மெஷின்ல ஏறச் சொன்னேன். ஏறச் சொன்னதுகூடத் தப்பில்லை, நம்பரைச் சத்தமா படிச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. கடையில நின்னவங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. "வண்டி தாங்காதும்மா"ன்னு வேற சொல்லித் தொலைச்சேன். அன்னையிலேர்ந்து அவ காலை இழுத்து இழுத்து நடந்தே போறா, நான் பின்னாலேயே காலி வண்டியில ஊர்ந்து போறேன். பார்க்க மனசு தாங்கலை மாப்பிள்ளை. உங்களுக்குப் போன் பண்ணி, கொஞ்சம் கூடினா பரவாயில்லையான்னு கேட்டேன். "எப்பவாவது நூறு வரைக்கும் ஏத்தலாம், தினமும் வேண்டாம்"னீங்க. நூறுலயும் நாங்க அடங்கலையே! இதுல, நிறுத்தி வெச்சா இருபதுக்குக் கீழ இறங்கிடுமேன்னு சீட்டு மேல ஏழு செங்கல் அடுக்கறேன், கிளம்பும்போது இறக்கறேன், வந்ததும் திரும்ப அடுக்கறேன். இடுப்பு போச்சு. தயவுசெய்து இதை எடுத்துக்கிட்டு, ரெண்டு பேரைத் தாங்குற வண்டியா ஒண்ணு அனுப்புங்க.

உங்கள் இருவருக்கும் ஆசீர்வாதம். இது என் பங்கு மட்டும். அத்தையின் பங்கை அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
இடுப்பு பிடித்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிட்டு வர்றதுக்குள்ள உங்க அத்தை இதைப் படிச்சுட்டா. ஒன்பது நாள் கழிச்சு என்கிட்ட வாயைத் திறந்தா. "அது எடை இல்லை, சார்ஜ். நூத்துக்கு எண்பது. மாப்பிள்ளை அன்னைக்கே எனக்கு விவரமா சொன்னார்." தெரிஞ்சுமா நீ நடந்தேன்னு கேட்டேன். "ஊரைக் கூட்டி எடை போட்டீங்கல்ல? செங்கல் தூக்கட்டும்னு விட்டுட்டேன்"னா. வண்டியை எடுக்க வேண்டாம். செங்கல்லை இறக்கிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாச்சு, கூப்பிடறா. இப்ப எழுபத்தொண்ணு காட்டுது. சார்ஜைச் சொன்னேன் மாப்பிள்ளை, சார்ஜை.