ஒரு நக அளவு

"எவ்வளவு முன்னாடி நின்னுட்டான் என் புள்ள?" என்று கேட்டார் மாமியார்.

மாப்பிள்ளை சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"இதுக்கா அவன் மூணு நாளா ரூமைச் சாத்திக்கிட்டுக் கெடக்கான்?"

கால்பந்து சங்கத்தின் வீடியோ அறையில் ஆஃப்சைடு, அதாவது எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பவர் மாப்பிள்ளை. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மச்சினன் போட்ட கோலை, திரையில் கோடு கிழித்துப் பார்த்துச் செல்லாது என்றவரும் அவரே. சொந்தக்காரன் ஆடும் ஆட்டம் என்று ஒதுங்கியிருக்கலாம். நேர்மையைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று போய் உட்கார்ந்துவிட்டார். கோப்பை போனது. அன்றிலிருந்து மனைவி பேசுவது "ம்" மட்டும்தான்.

"மெஷின் பொய் சொல்லாது அத்தை. நீங்களே பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தார். அதுதான் வினை.

படத்தை நிறுத்தினார். எதிரணியின் கடைசி ஆளுடைய முழங்காலில் சிவப்புக் கோடு. மச்சினனின் ஷூ நுனியில் நீலக் கோடு. நடுவில் நக அளவு.

தையல்காரரான மாமனார் கழுத்தில் டேப் ஆடக் குனிந்தார். "பந்தை உதைக்கிற நேரத்துல யார் எங்க நிக்கறாங்கன்னுதான பாக்கணும்?"

"ஆமா மாமா."

"இங்க பந்து உதைச்சவன் காலை விட்டுப் போயிடுச்சே. நடுவுல புல்லு தெரியுது."

"ஒரு படம் தள்ளியிருக்கும். செகண்டுக்கு அம்பது படம் மாமா! ஒண்ணுல என்ன ஆயிடப் போவுது?"

"ஒண்ணு பின்னாடி போங்க."

போனார். மச்சினனும் பின்னால் போனான். நீலக் கோடு சிவப்புக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது.

மாமனார் நிமிர்ந்தார். "ஓடற புள்ள ஒரு படத்துக்குள்ள ஏறக்குறைய ஒரு சாண் போயிடறான். சாண் கணக்குல தப்பு வர்ற எடத்துல நகக்கணக்கா பாத்தீங்க? நான் இப்படித் தெச்சா ஊர்ல ஒருத்தன் சட்டை போட முடியாது மாப்ள."

மனைவி மூன்று நாளில் முதல்முறையாக "ம்"மைத் தாண்டிப் பேசினாள். "அப்ப அது கோல்தான?"

"கோல்தான்." குரல் அவருக்கே கேட்கவில்லை. காது மடல் சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார். தரையில் டைல்ஸ் புதுசு, அசையவில்லை.

மச்சினனின் கதவைத் தட்டினார். "டேய், தப்பு என்னுதுதான்டா. மன்னிச்சுடு." கதவு திறக்கவில்லை.

வேறு வழியின்றி எல்லோர் முன்னிலையிலும் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "சார், நான் தப்பான படத்துல கோடு போட்டுட்டேன். கோல் செல்லும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"சரி. ஆஃப்சைடுன்னதும் மிச்சத்தை நாம பாக்கவே இல்ல. நாளைக்குக் காலைல ஆறு கேமராவையும் பெரிய திரையில போட்டு, பத்திரிகைக்காரங்க முன்னாடியே பாத்துடலாம்."

போனை வைத்ததும் உள்ளே தாழ்ப்பாள் விலகியது. மச்சினன் தலையை மட்டும் நீட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"திரும்பக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லிடுங்க அத்தான். நீங்க எல்லாரும் என் காலையே பாத்தீங்க... பந்து என் கையில பட்டுத்தான் உள்ள போச்சு."