மினுக்கியின் கதிரை

பென்சன் எடுத்த அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இனி யாருக்கும் எதையும் சுமக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்த தபால்காரன் மீராசாஹிப் மௌத்தாகிவிட்டான். இனி இருப்பவன் எழுத்தாளன் மீராசாஹிப்.

எழுத்தாளனுக்கு முதலில் வேண்டியது ஒரு கதிரை. காத்தான்குடியில் எங்கள் வீட்டில் அது இருந்தது. கைபிடி வைத்த கதிரை, ஜன்னலோரம், வாவிக் காற்று நேரே முகத்தில் வந்து விழும். அதில்தான் மினுக்கி குட்டி போட்டிருந்தது.

மினுக்கி என் மனைவி உம்மு குல்தூமின் பூனை. மீனில் சதை அதற்கு, முள் எனக்கு. வயது போனால் ஆம்பிளைக்கு மரியாதை குறையும் என்று தெரியும். பூனைக்கும் கீழே இறங்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பாயில் குந்தி, முழங்காலில் பலகை வைத்துக் கதை எழுதினேன். கதாநாயகன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. எனக்கும் இடுப்பு நிமிரவில்லை. கதிரையில் மினுக்கி குறட்டை விட்டது.

போன கிழமை உம்மு குல்தூம் ஒரு வேலை சொன்னாள். ஏறாவூரில் என் தங்கச்சி நபீஸா வீட்டில் நெல் மூட்டையை எலி தின்கிறதாம். குட்டிகளைக் கொண்டுபோய் அங்கே விட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூனைக்குத் தபால்காரனாக இருக்க என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் என் கண் முன்னாலேயே என் தலையணையை எடுத்து மினுக்கிக்குப் போட்டாள். இவ்வளவு நாளும் அடக்கி வைத்த கோபமெல்லாம் தலைக்கேறியது.

"இந்த வீட்டில ஒண்டு நான் இரிக்கணும், இல்லாட்டி அந்தப் பூனை இரிக்கணும்."

"ஆர்ர வீட்டில?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவள் வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. நான் கல்யாணம் முடித்து வந்து சேர்ந்தவன்.

"மினுக்கி இந்த வீட்டிலயே பிறந்தது. நீங்க வந்த ஆள்."

"அப்ப நான் போறன்."

"வெள்ளெனப் போங்க. பின்னேரம் ஊரடங்கு போட்டாலும் போடுவாங்க."

தடுக்கக்கூட இல்லை. வாய் கட்டிய பன்புல் பையொன்றைக் கையில் தந்தாள். அடியில் உடுப்பு, மேலே தங்கச்சிக்குப் பணியாரம், குலுக்காமல் கொண்டுபோக வேண்டுமாம்.

கோபித்துக்கொண்டு கிளம்புகிற ஆம்பிளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, உம்மாவின் வீடு. என் உம்மாவின் வீடு சீதனமாகத் தங்கச்சிக்குப் போய்விட்டது. போனாலும் நான் பிறந்த வீடு அல்லவா.

பஸ்ஸில் ஏறியும் காதுக்குள் மியாவ் மியாவ் என்றே கேட்டது. ஒரு பூனை மனிதனை இந்தப் பாடு படுத்துமா என்று பல்லைக் கடித்தேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போகிற ஊருக்கு நாட்டில் நடக்கிற யுத்தத்தால் அரை நாள். ஆமியின் சோதனைச் சென்றியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்த ஆமிக்காரன் என் பையை அவிழ்த்துப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரித்தான். அவனே பக்குவமாகக் கட்டியும் தந்தான். இந்த வயதில் பணியாரம் சுமக்கிறேன் என்று அவனுக்கும் இளக்காரம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏறாவூரில் தங்கச்சி வாசலிலேயே நின்றாள். அண்ணன் எனக்கு "வாங்க காக்கா" என்று சலாம் சொன்னாள், பையை வாங்கினாள், அவிழ்த்தாள். நான் உடுத்துகிற ஒரேயொரு நல்ல சாரம் ஈரமாகக் கிடந்தது. அதன்மேல் மினுக்கியின் குட்டிகள்.

என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கத்தினேன். தங்கச்சி அசையவில்லை. அப்போதுதான் பார்த்தேன், வாசற்படியில் ஏற்கெனவே ஒரு கோப்பையில் பால்.

"மதினி போன கிழமையே சொல்லி அனுப்பினாங்க காக்கா. வெள்ளிக்கிழமை நீங்க கோவிச்சுக்கிட்டு வருவீங்களாம், குட்டிகள ஒங்கட கையில குடுத்து உடுறாங்களாம்."